பைக்காரா முதல் நம்ம ஊர்த் தறி வரை: மந்த காலத்து மின்சாரக் கதை

 

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் இரண்டு கேள்விகள் வந்தன. ஆர்.கே.பேட்டையில் எட்டுத் தறி ஓட்டுகிற தம்பி கேட்டது: "டீச்சர், கூலி ஏறல, கரண்ட் பில்லு மட்டும் ஏறுது. நாலு தறிய எடைக்குப் போட்டுடலாமான்னு வீட்ல பேச்சு நடக்குது." கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் நம் பெண் கேட்டது: "டீச்சர், ஒரு டன் கம்பிக்கு எவ்வளவு கார்பன் வருதுன்னு வாங்குறவங்க கணக்குக் கேக்கறாங்க. ஆர்டரே இல்லாத நேரத்துல இது வேறயா?"

எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் பட்டது. தொழில் படுத்திருக்கும்போது மின்சாரச் செலவை எப்படிக் குறைப்பது? அப்போது போய் புகையைப் பற்றியும் கவலைப்பட முடியுமா? குழுவில் இரண்டு வரியில் சொல்லிவிட முடியாது. முப்பத்தாறு வருடம் கணக்கும் சமூக அறிவியலும் சொல்லிக்கொடுத்தவள் நான். கொஞ்சம் பின்னால் போய்த்தான் பதில் சொல்ல வேண்டும். நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

*1. பெருமந்தத்தில் வந்த பைக்காரா*

1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை விழுந்ததையும், உலகம் முழுக்கப் பொருளாதாரப் பெருமந்தம் வந்ததையும் வகுப்பில் படித்திருப்பீர்கள். சென்னை மாகாணத்தில் நெல், பருத்தி, நிலக்கடலை விலையெல்லாம் சரிந்தன. கடன் கொடுப்பவர்கள் கையை மூடிக்கொண்டார்கள். வேலை தேடி ஜனங்கள் டவுனுக்கு நடந்தார்கள்.

அதே நேரத்தில் நீலகிரியில் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. பைக்காரா ஆற்றுத் தண்ணீரை 3,000 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து குழாயில் இறக்கி, கீழே சிங்காராவில் மின்சாரம் எடுக்கும் திட்டம். 1920-களில் சென்னை அரசில் சட்ட உறுப்பினராக இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயர் இதற்காக முட்டி மோதியவர். 1932-ல் மின் உற்பத்தி தொடங்கியது. பெருமந்தத்தின் நட்ட நடுவில்!

அதுவரை மில் என்றால் நீராவி இயந்திரம்தான். நம் மாகாணத்தில் அன்று நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. வங்காளத்திலிருந்தும் நிஜாம் சீமையின் சிங்கரேணியிலிருந்தும் கரி ரயிலேறி வர வேண்டும். கரி விலையோடு ரயில் கூலியும் சேரும். பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்ததும் அந்தச் செலவு இறங்கியது. பருத்தி பக்கத்திலேயே விளைகிறது, விலையும் மலிவு. வேலைக்கு ஆள் இருக்கிறார்கள். இப்போது மின்சாரமும் மலிவு. ஊரெல்லாம் தொழில் மூடிக்கொண்டிருந்தபோது கோவையில் மில்லுக்கு மேல் மில் எழும்பியது. விவசாயிகள் கிணற்றில் மோட்டார் வைத்தார்கள். மேட்டூர் அணை 1934-ல் முடிந்து, 1937-ல் அங்கேயும் மின்சாரம் எடுத்தார்கள். 1944-ல் பாபநாசம் வந்தது.

அன்று 'கார்பன்' என்று யாரும் பேசவில்லை. செலவு குறைய வேண்டும் என்று மட்டும்தான் பார்த்தார்கள். ஆனால் மில் கொதிகலனில் எரிய வேண்டிய கரி எரியவில்லை. செலவும் புகையும் சேர்ந்தே குறைந்தன.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அணையும் குழாயும் கம்பியும் போட்டது மில் முதலாளி இல்லை, அரசாங்கம். கையில் காசு இல்லாத காலத்தில் அரசு முதல் போட்டது. பெரிய மில்லும் ஒற்றைக் கிணற்று விவசாயியும் அதே கம்பியிலிருந்து இழுத்துக்கொண்டார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

*2. நம்ம பக்கம்*

நம் திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நான் பிறந்ததும் அந்த வருடம்தான். எனக்கு நினைவு தெரிந்து எங்கள் தெருவில் குழித்தறிதான். காலை மிதித்து, கையால் நாடாவை இழுத்து நெய்வார்கள். மின்சாரச் செலவு என்ற பேச்சே கிடையாது. விளக்கு வைத்தால் வேலை முடிந்தது.

பிறகு விசைத்தறி வந்தது. பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை என்று எங்கே போனாலும் தறிச் சத்தம். நான் பாடம் நடத்தியதே அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை ஏற்றித்தான். பாவும் நூலும் முதலாளியிடம் வாங்கி, கூலிக்கு நெய்து கொடுக்கும் குடும்பங்கள்தான் அதிகம். கூலியை முதலாளி முடிவு செய்வார், மின்கட்டணத்தை அரசு முடிவு செய்யும். நடுவில் இருப்பவர் கையில் இருப்பது உழைப்பு மட்டும்.

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நம் மாவட்டத்தின் மேற்கு முனையில் நாம் இருக்கிறோம். கிழக்கு முனையில் கடலோரத்தில் அனல் மின் நிலையங்கள். எண்ணூர் 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. வடசென்னை அனல் மின் நிலையம் 1990-களில் வந்தது. அதற்குக் கப்பலில் கரி இறக்கவே எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் திறந்தார்கள். பிறகு வல்லூர். பள்ளிப்பட்டு வழியாக ஓடுகிற நம் கொசஸ்தலை ஆறு போய்ச் சேருவதும் அந்த எண்ணூர்க் கழிமுகத்தில்தான். அங்கே அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து, மீனும் இறாலும் குறைந்து போய் மீனவர்கள் படும் பாட்டை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நம் தறி ஓடுகிற புகை நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆற்றின் அந்தக் கடைசியில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும்.

*3. காற்றாலை யாருக்கு?*

1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் சோதனையாகக் காற்றாலை வைத்தார்கள். 1990-களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல், பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் உடுமலை, பல்லடம் என்று காற்றாலைகள் பெருகின. போட்டவர்களில் பாதிக்கு மேல் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நூற்பாலை முதலாளிகள்! நூற்பாலையில் பருத்திக்கு அடுத்த பெரிய செலவுகளில் ஒன்று மின்சாரம். காற்றாலை போட்டால் வருமான வரியில் பெரிய தேய்மானச் சலுகை. அங்கே எடுத்த மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியாகவே தன் மில்லுக்குக் கொண்டுவரலாம். ஆடிக் காற்றில் மிஞ்சுவதை வாரியத்தில் 'சேமித்து' வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். 2012-13 வாக்கில் தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 7,000 மெகாவாட்டைத் தாண்டி, நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது.

இதுவும் பைக்காரா கதைதான். செலவுக் கணக்குப் பார்த்தவர்கள் புகையையும் குறைத்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஒரு காற்றாலைக்குக் கோடிக்கணக்கில் முதல் வேண்டும், வங்கிக் கடன் வேண்டும், வரி கட்டும் அளவுக்கு லாபமும் வேண்டும். எட்டுத் தறிக்காரருக்கு அதில் இடமில்லை. அவருடைய நிலைமை என்ன ஆனது என்பது 2008-ல் தெரிந்தது.

*4. 2008 முதல் 2013 வரை*

2008 செப்டம்பர் 15-ல் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் திவாலானது. ஏற்றுமதி ஆர்டர் நின்றது, இரும்பு விலை சரிந்தது. அதே சமயம் தமிழ்நாட்டில் மின்பற்றாக்குறை. அந்த நவம்பரில் உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு மின்வெட்டு விதித்தார்கள். கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்குகிற மின் உலைகளுக்கு ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 600 யூனிட் வேண்டும். ஒரு பக்கம் விலை இல்லை, மறுபக்கம் கரண்ட் இல்லை.

நான்கைந்து வருடம் அது தீரவே இல்லை. 2012-ல் சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு என்றால் நமக்கெல்லாம் பத்து மணி நேரத்துக்கும் மேல். அந்த ஏப்ரலில்தான் கட்டணமும் சராசரியாக 37 விழுக்காடு ஏறியது.

வசதி உள்ளவர்கள் டீசல் ஜெனரேட்டர் வாங்கினார்கள். கணக்குப் போடுவோமா? ஒரு லிட்டர் டீசலில் 3 முதல் 3.5 யூனிட் கிடைக்கும். அன்று லிட்டர் 45, 50 ரூபாய். அப்படியானால் யூனிட் 13 முதல் 17 ரூபாய். வாரியத்தின் விலையைப்போல் இரண்டு மூன்று மடங்கு. லிட்டருக்கு 2.7 கிலோ கரியமில வாயு, அதாவது யூனிட்டுக்கு 0.8 கிலோ. அன்று நம் மின்கம்பியில் வந்த யூனிட்டுக்கும் நாட்டுச் சராசரி ஏறக்குறைய அதே அளவுதான். காசும் போனது, புகையும் குறையவில்லை. ஊருக்குள் காது கிழிகிற சத்தம் வேறு.

ஜெனரேட்டர் வாங்க முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? கரண்ட் வருகிற நேரத்துக்குத் தூக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். ராத்திரி ஒரு மணிக்கு வந்தால் வீடே எழுந்திருக்கும். அப்பா தறியில், அம்மா தார் சுற்ற, பிள்ளை அறுந்த இழை பார்க்க. அந்தப் பிள்ளைகள்தான் காலையில் என் வகுப்பில் முதல் பெஞ்சிலேயே தலை சாய்ந்து தூங்கினார்கள். நான் எழுப்பியதில்லை. மதியச் சாப்பாட்டு மணிக்குப் பிறகு அவர்களைத் தனியாக உட்காரவைத்துக் காலைப் பாடத்தை மறுபடி நடத்துவேன். இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கு அது யார் என்று தெரியும். மின்வெட்டின் விலையைப் புள்ளிவிவரத்தில் எழுதும்போது அந்தத் தூக்கத்தை யாரும் சேர்ப்பதில்லை.

*5. தறி நின்றால் புகை குறையும். அது குறைப்பா?*

இப்போது உலகக் கணக்கு ஒன்று. 2009-ல் உலகம் வெளியிட்ட கரியமில வாயு முந்தைய ஆண்டைவிட 1.4 விழுக்காடு குறைந்தது. மந்தத்தால் ஒரு நன்மை என்று சிலர் எழுதினார்கள். அடுத்த ஆண்டு, 2010-ல், 5.9 விழுக்காடு கூடியது! 2020-ல் கொரோனா ஊரடங்கில் ஏறக்குறைய 5 விழுக்காடு குறைந்தது. மறுவருடமே பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது.

காரணம் எளிது. குறைந்த ஆண்டில் எந்த இயந்திரமும் மாறவில்லை. அதே பழைய மோட்டார், அதே பழைய உலை, சும்மா நின்றன. நிலைமை தேறியதும் அப்படியே ஓடின. நிறுத்தி வைத்ததற்குப் பெயர் சிக்கனம் இல்லை, வேலையின்மை. பைக்காராவில் நடந்தது வேறு. அங்கே மந்தம் போன பிறகும் கொதிகலன் கரி திரும்பி வரவில்லை, ஏனென்றால் சக்தி வரும் வழியே மாறிவிட்டது.

ஆகவே நாலு தறியை எடைக்குப் போடலாமா என்று கேட்ட தம்பிக்கு: அதனால் பில் குறையும், உண்மை. கூடவே வருமானமும் குறையும். தறியை விற்றுப் பில்லைக் குறைப்பது கடைசி வழி. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

*6. இலவச யூனிட்டும் நிலைக்கட்டணமும்*

2006-ல் கலைஞர் ஆட்சியில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவசம் என்று வந்தது. 2016-ல் ஜெயலலிதா 750 ஆக்கினார். 2023-ல் 1,000 ஆனது. கட்சி எதுவானாலும் தறிக்காரர் வீட்டு அடுப்பு 2008-லும் 2020-லும் எரிந்ததற்கு இந்த யூனிட் ஒரு காரணம். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் 2022 செப்டம்பரில் மின்கட்டணம் பெரிதாக ஏறியது. அதன் பிறகும் வருடாவருடம் ஏறியது. சிறுதொழில்களுக்கு யூனிட் விலையைவிட வலித்தது நிலைக்கட்டணம். இது ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் கட்ட வேண்டியது, இணைப்பின் கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று. அது பல மடங்கு ஏறியதால் 2023-ல் மாநிலம் முழுக்கச் சிறுதொழில்காரர்கள் ஒருநாள் கதவடைத்தார்கள். கூரையில் சூரிய ஒளித் தகடு போட்டவர்களுக்கு விதித்த 'நெட்வொர்க் கட்டண'த்தையும் எதிர்த்தார்கள். அதில் பாதியைக் குறைப்பதாக அரசு அந்த வருடமே அறிவித்தது.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. மந்த காலத்தில் சிக்கனமாக இருப்பவருக்குப் பில் குறைய வேண்டும். நிலைக்கட்டணம் பெரிதாகிவிட்டால் சிக்கனம் செய்தும் பில் அசையாது. சொந்தமாகக் கூரையில் மின்சாரம் எடுப்பவரிடமும் கட்டணம் கேட்டால் அடுத்தவர் தயங்குவார். வாரியத்துக்கும் கடன் சுமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 1932-ல் மந்தத்தின் நடுவில் அரசு முதல் போட்டுச் சிறியவர் வாசல் வரை கம்பி இழுத்தது. அந்த மனசு இப்போதும் வேண்டும்.

*7. கும்மிடிப்பூண்டிக்கு வந்த கடிதம்*

இப்போது இரண்டாவது கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்குள் வரும் இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் முதலியவற்றுக்குக் கார்பன் கணக்குக் கேட்கத் தொடங்கியது 2023 அக்டோபரில். 2026 ஜனவரியிலிருந்து அதற்குக் காசும் உண்டு. துணி இந்தப் பட்டியலில் இல்லை. இரும்பு இருக்கிறது. நேராக ஐரோப்பாவுக்கு அனுப்பாவிட்டாலும், அனுப்புகிறவருக்குச் சரக்குக் கொடுத்தால் கேள்வி நம்மிடம் வந்து சேரும்.

அம்மா, இதைத் தண்டனையாகப் பார்க்காதே. கார்பன் கணக்கின் முக்கால் பாகம் உன் மின்சாரக் கணக்கும் எரிபொருள் கணக்கும்தான். ஒரு டன்னுக்கு எத்தனை யூனிட், எத்தனை கிலோ கரி, எத்தனை லிட்டர் எண்ணெய் என்று எழுதிவைத்தால் பாதி வேலை முடிந்தது. கம்பி ஆலைகளில் ஒரு பழைய உத்தி உண்டு. உருக்கிய இரும்பைப் பில்லட்டாக வார்த்து, ஆறவிட்டு, மறுபடி உலையில் சூடாக்கி உருட்டுவது வழக்கம். ஆறவிடாமல் சூட்டோடு சூடாக உருட்டுமேடைக்கு அனுப்பினால் இரண்டாவது உலைக்கு எரிபொருள் பெரும்பாலும் தேவைப்படாது. தோசைக்கல்லை அணைத்து அணைத்துப் பற்றவைக்காமல் தொடர்ந்து ஊற்றுகிற அதே கணக்கு. மத்திய எஃகு அமைச்சகமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் 2004 முதல் சிறிய உருட்டாலைகளில் இதுபோன்ற சிக்கனங்களுக்காகவே ஒரு திட்டம் நடத்தின. ஆர்டர் குறைவாக இருக்கும்போதுதான் இதற்கு நேரமும் கிடைக்கும். முழு வேகத்தில் ஓடும் ஆலையை யார் நிறுத்தி மாற்றுவார்கள்?

*8. எட்டுத் தறிக்கு ஒரு கணக்குப் பாடம்*

கடைசியாகத் தறிக்காரப் பிள்ளைகளுக்கு. நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விளக்கு. சோக் வைத்த பழைய டியூப்லைட் 50 வாட் இழுக்கும். எல்.இ.டி. 20 வாட். கொட்டகையில் 10 விளக்கு, நாளுக்கு 10 மணி நேரம் என்றால் நாளுக்கு 3 யூனிட் மிச்சம். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மிச்சமாகும் யூனிட் உங்கள் இலவச 1,000-லிருந்து கழியாது. அதற்கு மேல், காசு கொடுக்கிற யூனிட்டிலிருந்துதான் கழியும்.

அடுத்து மோட்டார். நான்கைந்து முறை காயில் கட்டிய மோட்டார் அதே வேலைக்கு அதிக மின்சாரம் இழுக்கும், சூடாகும். கை வைத்துப் பார்த்தாலே தெரியும். அடுத்த முறை எரிந்தால் மறுபடி காயில் கட்டும் செலவோடு சேர்த்துத் திறன் கூடிய புது மோட்டாரின் விலையைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெல்ட் தளர்வு, கிரீஸ் இல்லாத பேரிங் இவற்றுக்குச் செலவே இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். கெபாசிட்டர் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

பிறகு கூரை. நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளுக்குச் சராசரி 4 யூனிட் கொடுக்கும். 3 கிலோவாட் என்றால் வருடத்துக்கு 4,000 யூனிட்டுக்கு மேல், ஏறக்குறைய 3 டன் கரியமில வாயு மிச்சம். தறி ஓடுவதும் பெரும்பாலும் பகலில்தான், சூரியனும் பகலில்தான். 2017-ல் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் பவர்டெக்ஸ் இந்தியா திட்டத்தில் எட்டுத் தறி வரை உள்ளவர்களுக்கு இதற்குப் பாதியளவு மானியமும், தாழ்த்தப்பட்ட, பழங்குடிச் சமூகத்தவருக்கு அதைவிடக் கூடுதலும் இருந்தது. நம் பக்கம் எத்தனை பேருக்கு அந்தச் செய்தி சரியான நேரத்தில் வந்து சேர்ந்தது? அடுத்த திட்டம் வரும்போது யாரும் தவறவிடக் கூடாது. கையெழுத்துப் போடுமுன் மூன்று விஷயம் கேளுங்கள்: ஆஸ்பெஸ்டாஸ் கூரை பாரம் தாங்குமா? நெட்வொர்க் கட்டணம் போக எத்தனை வருடத்தில் முதல் திரும்பும்? இலவச யூனிட் எப்படிக் கணக்கிடப்படும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தனியாக ஒருவர் அலைவதைவிடப் பத்துத் தறிக்காரர்கள் சேர்ந்து போனால் வங்கியும் உட்காரச் சொல்லும், மின்வாரிய அலுவலகத்திலும் பதில் கிடைக்கும். கோவை மில்காரர்கள் சங்கம் வைத்துத்தான் காற்றாலைச் சலுகைகளைக் காப்பாற்றிக்கொண்டார்கள். குழுவில் இருக்கும் எலக்ட்ரீஷியன் தம்பிகள் மூன்று பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி, நம் தெருக் கொட்டகைகளில் மோட்டாரையும் கெபாசிட்டரையும் பார்த்துச் சொன்னால் எனக்கு அதுவே குருதட்சணை. டீச்சர் வீட்டில் மதியச் சாப்பாடு நிச்சயம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் குழித்தறி போய் விசைத்தறி எந்த வருடம் வந்தது, முதல் மின்பில் எவ்வளவு, 2012 மின்வெட்டில் எப்படிச் சமாளித்தீர்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. பழைய மின் அட்டை இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். பைக்காராவுக்குப் புத்தகம் இருக்கிறது, நம்ம ஊர்த் தறிக்கு நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.

தறிகள் ஓடட்டும், பிள்ளைகள் ராத்திரி நிம்மதியாகத் தூங்கட்டும். எல்லோருக்கும் என் ஆசீர்வாதம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஆர்.கே.பேட்டை